கும்பிடு, கட்டைவிரல், ம்

பெரியப்பா இறந்த செய்தி வந்தபோது நான் ஹைதராபாத் அல்வால் வாரச் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் போன். குடும்பக் குழுவில் ஒரு படம்: பாஸ்போர்ட்டுக்கு எடுத்த பெரியப்பாவின் முகம், சுற்றிலும் யாரோ அவசரமாக ஒட்டிய பூமாலை, கீழே ‘கண்ணீர் அஞ்சலி’. நான் திறப்பதற்குள் பதினேழு கும்பிடு விழுந்திருந்தது. நானும் ஒரு கும்பிடு போட்டேன். அழும் முகம் ஒன்றையும் சேர்த்தேன். போட்டுவிட்டு மறுபடி தக்காளியில் கை வைத்தால் எது நல்லது, எது அழுகல் என்று கைக்குத் தெரியவில்லை.

கடைக்காரம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். “ஏமைந்தம்மா?” என்றாள். நான் வாய் திறக்கவில்லை. தராசைக் கீழே வைத்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த கவிழ்த்த டிரேயை என் பக்கம் தள்ளி “கூர்சோம்மா” என்றாள். உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. நான் அனுப்பிய அழும் முகம் குழுவுக்குப் போய்ச் சேர்ந்து அதற்குள் நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

*

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி இங்கே வந்தபோது எங்கள் வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டு எண்ணைத்தான் ‘பி.பி. நம்பர்’ என்று ஊருக்கு எழுதிப் போட்டிருந்தேன். நல்ல செய்தி என்றால் அந்த வீட்டம்மா காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றே கத்திச் சொல்லிவிடுவார். கெட்ட செய்திக்கு வேறு முறை. முதலில் தன் மகளை அனுப்புவார், நான் சாப்பிட்டாயிற்றா என்று பார்த்துவர. இல்லை என்றால் அரைமணி கழித்து வருவார். வந்தும் உடனே சொல்லமாட்டார். ஊரில் நாயனம்மாவுக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, உடம்பு கொஞ்சம் சரியில்லையாம் என்று தெலுங்கில் ஆரம்பிப்பார். அந்தக் ‘கொஞ்ச’த்திலேயே எனக்கு விளங்கிவிடும். ஆனாலும் விளங்குவதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் நடுவில் சற்று உட்கார்ந்துகொள்ள அவர் எனக்கு ஒரு திண்ணை போட்டுக் கொடுத்திருப்பார்.

எங்கள் பக்கம் சாவுச் செய்தி வந்த கார்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளமாட்டார்கள். படித்ததும் கிழித்து எறிந்துவிடுவார்கள். பெரியப்பாவின் படம் என் போனில் இன்னும் இருக்கிறது, பையனின் மார்க் ஷீட்டுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவே. அழிக்கவும் மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் வரவில்லை.

தூது என்று ஓர் இலக்கிய வகையே வைத்திருக்கிறவர்கள் நாம். சங்கப் பாட்டில் பாணனும் தோழியும் போனார்கள். பின்னால் கிளி போயிற்று, நெஞ்சு போயிற்று, தமிழே போயிற்று. புகையிலையைக்கூட விட்டுவைக்கவில்லை. தோழிக்கும் பாணனுக்கும் கேட்கிறவர் முகம் பார்த்து, நேரம் பார்த்துச் சொல்லத் தெரியும். இந்தப் போனுக்கும் முகம் பார்க்கத் தெரியும்தான், பூட்டைத் திறக்க மட்டும்.

*

“இப்பல்லாம் உணர்ச்சியே கிடையாது, எல்லாம் ரெடிமேட்” என்று குழுவில் அடிக்கடி அலுத்துக்கொள்ளும் மாமா ஒருவர் உண்டு. அதையும் எங்கிருந்தோ வந்த ஃபார்வர்டாகத்தான் அனுப்புவார்.

அவருக்குத் தந்தி மறந்துவிட்டது போல. தபால் தந்தி இலாகா வாழ்த்துகளுக்கு நம்பர் போட்டு வைத்திருந்தது. 8 என்றால் நீண்ட இனிய மணவாழ்வுக்கு வாழ்த்து. 16 என்றால் மணமக்கள்மீது வானத்து ஆசிகள் பொழியட்டும். தீபாவளிக்கு ஒரு நம்பர், பரீட்சையில் பாஸானவருக்கு ஒன்று, தேர்தலில் ஜெயித்தவருக்குக்கூட ஒன்று. கம்பியில் போவது நம்பர் மட்டும். போய்ச் சேர்ந்த ஊரில் அதை வாசகமாக விரித்துக் கொடுப்பார்கள். ஷிகெடகா குரிடா ஜப்பானின் டோகோமோ கம்பெனிக்காக 176 எமோஜிகளை, ஒவ்வொன்றையும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிக்குள் அடக்கி வரைந்தது 1999-ல். அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே நம் தந்தி ஆபீஸ் குமாஸ்தாக்கள் சந்தோஷத்துக்கு நம்பர் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அம்மா கல்யாணத்துக்கு வந்த தந்திகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. எட்டு தந்தி. அதில் ஐந்தில் ஒரே வாசகம். அம்மா ஒருநாளும் அவற்றைச் சேர்த்துக் காட்டியதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, “இது கல்லிடைக்குறிச்சி சித்தப்பா, இது பம்பாய் மாமா” என்பாள். பம்பாய் மாமா அனுப்பினது ஒசத்தி என்பது அவள் குரலிலேயே தெரியும். இரண்டும் அதே எட்டாம் நம்பர்தான். 2013 ஜூலையில் தந்தியை மூடினார்கள். டின் இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறது.

கடிதம் மட்டும் என்ன வாழ்ந்தது? ‘இங்கு யாவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல்’ என்பதைச் சொந்தமாக யோசித்து எழுதினவர் எவரேனும் உண்டா? வீட்டில் மூன்று பேர் காய்ச்சலில் கிடக்கும்போதும் முதல் வரி அதுதான்.

*

அல்வாலுக்குப் பக்கத்திலேயே திருமலகிரி. 1896 நவம்பரில் அங்கிருந்து இருபத்தொரு வயதுப் பட்டாளத்து அதிகாரி ஒருவன் கடல் கடந்து தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினான். போலோ ஆட பெங்களூரிலிருந்து வந்தவன். இங்கே ஒரு பெண்ணைச் சந்தித்தேன், இவ்வளவு அழகியை நான் பார்த்ததே இல்லை என்று அதில் சொல்கிறான். பெண் ஹைதராபாத் ரெசிடெண்டின் மகள், பமேலா ப்ளௌடன். பையன் வின்ஸ்டன் சர்ச்சில். கடிதம் கப்பலேறிப் போய் அம்மா கையில் கிடைப்பதற்குள் அவன் ஊர் திரும்பி, குதிரைக்கு லாடம் மாற்றி, வேறு வேலைகளில் மூழ்கியிருப்பான்.

இன்றைக்கு அதே திருமலகிரி முகாமில் இருக்கும் பையன் அம்மாவிடம் சொல்வானா? ஸ்டேட்டஸில் ஒரு பாட்டு வைப்பான். இளையராஜாவில் பாதிச் சரணம். அதை இருநூறு பேர் பார்க்கலாம், புரியவேண்டியது ஒருத்திக்குத்தான்.

இதைப் புதுசு என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். எங்கள் ஊரில் இதற்குச் சாடை பேசுவது என்று பெயர். மருமகளுக்குச் சொல்லவேண்டியதை மாமியார் முற்றத்துக் கோழியிடம் சொல்வாள்: “திங்க மட்டும் முன்னாடி வந்துரு, என்ன?” கோழிக்கு ஒன்றும் புரியாது. அடுக்களையில் பாத்திரம் ‘ணங்’கென்று விழும். ஸ்டேட்டஸில் அந்த ‘ணங்’ கிடையாது. அதற்குப் பதில் யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல். என் நாத்தனார் அதைத்தான் அரைமணிக்கொருதரம் திறந்து பார்ப்பாள்.

*

உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்த ஒரு வழக்கு. 2018-ல் மேகாலயாவில் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவரை அதே படையின் காவலர் சுட்டுக் கொன்றார். செய்தி படையினரின் வாட்ஸாப் குழுவுக்கு வந்தது. இன்னொரு காவலர் அதற்குக் கட்டைவிரலை உயர்த்தும் படத்தைப் போட்டார். கொலையைக் கொண்டாடுகிறாயா என்று வேலையை விட்டு நீக்கினார்கள். எனக்கு வாட்ஸாப்பே சரியாகத் தெரியாது என்பது அவர் வாதம். கட்டைவிரல் என்பது ‘சரி, பார்த்தேன்’ என்றும் இருக்கலாம், அதைக் கொலைக்கான கொண்டாட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2024-ல் இரண்டு நீதிபதிகள் சொல்லி, அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கும்படியான உத்தரவை உறுதி செய்தார்கள்.

அதற்கு முந்தின வருஷம் கனடாவில் ஒரு தீர்ப்பு. ஆளி விதை விற்கும் ஒப்பந்தத்தைப் போனில் படம்பிடித்து அனுப்பியதற்கு ஒரு விவசாயி கட்டைவிரல் போட்டிருந்தார். ‘வந்து சேர்ந்தது’ என்ற அர்த்தத்தில்தான் போட்டேன் என்றார். அதுவே கையெழுத்து என்றது அந்த ஊர் நீதிமன்றம். எண்பதாயிரம் டாலருக்கு மேல் கொடுக்கவேண்டி வந்தது. நம்மூரில் இதைக் கேட்டால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். கட்டைவிரல் என்றால் இங்கே எப்போதும் கைநாட்டுதானே.

எங்கள் சித்திக்குக் கண்ணாடி போட்டாலும் எமோஜி தெளிவாகத் தெரியாது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டும் முகத்தை, 2015-ல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் அந்த ஆண்டின் சொல்லாகவே அறிவித்த அந்த முகத்தை, அவள் அழுகை என்றே வைத்திருக்கிறாள். பெரியப்பாவின் படத்துக்குக் கீழே பதினைந்து முகங்கள் வரிசையாகக் கண்ணீர் வழியச் சிரித்தன. ஒருவரும் திருத்தவில்லை. சித்தி கையிலிருந்து வந்தால் அது அழுகை என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். புது மருமகளுக்கு மட்டும் தனியாக ஒருமுறை சொல்லிவைத்தோம்.

*

குழுவில் இரண்டு தெய்வங்கள். திருநெல்வேலியில் அண்ணன் வீட்டுக்கு வடிவேலு. இங்கே வளர்ந்த என் பையனுக்குப் பிரம்மானந்தம். அண்ணன் மகனுக்குத் தெலுங்கு தெரியாது. என் பையனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசிக்கொள்வது ஸ்டிக்கரில்தான். அங்கிருந்து வடிவேலு முழிப்பார், இங்கிருந்து பிரம்மானந்தம் புருவத்தைத் தூக்குவார். ஒருநாள் அவர்கள் உரையாடலை மேலிருந்து கீழே பார்த்தேன். ஒரு எழுத்துகூட இல்லை. ஆனால் அண்ணன் மகன் இண்டர்வியூவில் தோற்றதும், என் பையன் தேற்றியதும், அவன் தேறியதும் தெளிவாகத் தெரிந்தது. அவரவர் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. இரவல் முகங்கள் சரியாக இருந்தன.

2019 மே 29 நினைவிருக்கிறதா? பாகிஸ்தானிலிருந்து நடந்த ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். ஒரு தமிழர், இதற்குப் பெயர் சுத்தியல், பெயிண்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்தது இதுதான் என்கிற பாணியில் பதில் போட்டார். 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த நேசமணி. அவ்வளவுதான், உலகம் முழுக்க நேசமணிக்காகப் பிரார்த்தனை. மறுநாள் டெல்லியில் பிரதமர் பதவியேற்பு, இங்கே நேசமணி ஐசியூவில். பொய் துக்கம்தான். ஆனால் ஒரே ராத்திரியில் அத்தனை தமிழர்களும் ஒரே துக்கத்தில் கூடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேடையில் ஒருவர் நடிக்க ஊரே அழுவது கூத்துக்காலத்துப் பழக்கம்தானே.

*

தொல்காப்பியத்தில் மெய்ப்பாடு எட்டு. ஃபேஸ்புக் 2016 பிப்ரவரியில் வெறும் லைக்கோடு ஐந்து முகங்களைச் சேர்த்தபோது, பொழுதுபோகாமல் ஒரு காகிதத்தில் பொருத்திப் பார்த்தேன். சிரிப்பு முகம் நகை. கண்ணீர் முகம் அழுகை. சிவந்த முகம் வெகுளி. வாய் பிளந்தது மருட்கை. இதயத்தை உவகை என்று வைத்துக்கொள்ளலாம். மிஞ்சியது மூன்று: அச்சம், பெருமிதம், இளிவரல்.

அச்சத்துக்குப் பொத்தான் வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஊரிலிருந்து போன் அடித்தால் போதும். பெருமிதம் எல்லோர் பக்கத்திலும் தானாகவே வழிகிறது. இளிவரல் இல்லாததுதான் எனக்கு உறுத்தல். தான் சிறுத்துப்போனதாக ஒருவர் உணர்வது இளிவரல். போன் நமக்குத் தினமும் கொடுப்பது அதைத்தான். 2014 நவம்பரில் வாட்ஸாப்பில் நீல டிக் வந்தது. அனுப்பியதைப் பார்த்துவிட்டார், பதில் போடவில்லை, இப்போது ஆன்லைனில்தான் இருக்கிறார். முன்பெல்லாம் பதில் வராவிட்டால் தபால்காரரைத் திட்டலாம், மழையைத் திட்டலாம். இப்போது திட்ட யாருமே இல்லை.

மெய்யில் படுவதுதான் மெய்ப்பாடு. சந்தையில் அந்தக் கடைக்காரம்மா கண்டது அதை.

*

கோபித்துக்கொண்டு போவது எங்கள் குடும்பத்தில் ஒரு கலை. கல்யாணத்தில் தாய்மாமனுக்கு மரியாதை குறைந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்து வாசல்வரை போவார். வாசலைத் தாண்டமாட்டார். அங்கே நின்று செருப்பைத் தேடுவார். தேடுகிற நேரத்தில் நாலு பேர் ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள். குழுவிலும் ரொம்ப நாள் இந்த வசதி இருந்தது. இன்னார் வெளியேறினார் என்று நடுவில் ஒரு சாம்பல் நிற வரி வரும், உடனே பத்து போன் பறக்கும், சாயங்காலத்துக்குள் திரும்பச் சேர்த்துவிடுவோம்.

2022-ல் சத்தமில்லாமல் வெளியேறும் வசதியைக் கொண்டுவந்தார்கள். அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான் போகும். நாகரிகமான ஏற்பாடுதான், ஆனால் கோபித்துக்கொள்பவரின் கஷ்டம் இதைச் செய்தவர்களுக்குப் புரியவில்லை. எங்கள் சின்ன மாமா போன தை மாதம் வெளியேறினார். அட்மினாக இருக்கும் அண்ணன் மகன் பரீட்சை மும்முரத்தில் கவனிக்கவில்லை. இருபது நாள் மாமா யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறார். கடைசியில் அவரே போன் செய்து, “நான் குரூப்புல இல்ல தெரியுமா?” என்று கேட்டார்.

*

மொய் இப்போது ஜிபேயில். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு ஜோடி, கல்யாணப் பத்திரிகையிலேயே க்யூஆர் கோடு அச்சிட்டது செய்தியாயிற்று. இப்போது அது செய்தியும் இல்லை. நான் கவனித்தது அந்த ஒரு ரூபாயை. ஐந்நூறு அனுப்பினால் போதும், எண்ணிச் சில்லறை தேடவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஐந்நூற்றியொன்றுதான் வருகிறது. மொய் நோட்டு போயிற்று, மஞ்சள் பை போயிற்று, அந்த ஒரு ரூபாய் மட்டும் பழைய நினைப்பில் சர்வரேறி வருகிறது.

*

கதை கேட்கிறவர் ‘ம்’ கொட்டவேண்டும். கொட்டாவிட்டால் சொல்கிறவர் நிறுத்திவிடுவார். எத்தனை விதமான ம்: கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஒன்று, அப்படியா என்று ஒன்று, தூக்கம் வருகிறது என்று ஒன்று, உன்னோடு பேச எனக்கு இஷ்டமில்லை என்று ஒன்று. போனில் எல்லாவற்றுக்கும் ஒரே ம், தலையில் ஒரு புள்ளியோடு. என் கணவர் ஆபீசிலிருந்து ‘ம்’ போட்டால் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்தில்தான் அது எந்த ம் என்று தெரியும். மெய்யெழுத்து என்று சரியாகத்தான் பெயர் வைத்தார்கள். உயிர் தனியாக வந்து சேரவேண்டியிருக்கிறது.

*

அம்மா அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள். கண்ணில் புரை, எழுதமுடியாது. பேரனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆகவே இருவருக்கும் நடுவே வாய்ஸ் மெசேஜ்தான். போனைக் காதில் வைக்கமாட்டாள். தோசைக் கரண்டி பிடிப்பதுபோல வாய்க்கு நேரே பிடித்துக்கொள்வாள். பின்னால் குக்கர் விசில், பக்கத்து வீட்டுச் சேவல், டிவியில் யாரோ ஒருத்தி அழுவது எல்லாம் சேர்ந்தே வரும்.

“எய்யா, ஆச்சி பேசுதேன். நல்லா இருக்கியா?” அதோடு நிறுத்துவாள். நாலு விநாடி ஒன்றும் இருக்காது. பிறகு, “ம். சாப்பிட்டியா?” மறுபடி நாலு விநாடி. “ம். என்ன கொழம்பு?” மறுபடி. “ம். வச்சிரட்டா?” அதற்கும் ஒரு நிறுத்தம்.

“அம்மா, நீ பேசி அனுப்பின பிறகுதான் அவன் கேப்பான். இடையில எதுக்குக் காத்துக் கிடக்க?” என்று ஒருதரம் கேட்டேன்.

“எனக்குத் தெரியாதாளா? அவன் பதில் சொல்லுததுக்கு எடம் விட வேண்டாமா?” என்றாள்.

பையன் எதையும் சாதாரண வேகத்தில் கேட்பவன் இல்லை. 2021-ல் வாட்ஸாப்பில் வேகத்தைக் கூட்டும் பொத்தான் வந்ததிலிருந்து வாத்தியார், நண்பர்கள், நான் எல்லோருமே அவனுக்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கீச்சிடுகிறவர்கள்தான்.

போன வாரம் ராத்திரி பால்கனியில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். போன் பக்கத்தில் தரையில். அம்மாவின் குரல், அவள் வேகத்திலேயே வந்தது.

“நல்லா இருக்கியா?”

“நல்லா இருக்கேன் ஆச்சி” என்றான், ஷூவைப் பார்த்தபடி.

“ம். சாப்பிட்டியா?”

“ஆச்சு.”

“ம். என்ன கொழம்பு?”

அவன் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பினான். “அம்மா, இன்னிக்கு என்ன?”

“பப்புச்சாறு” என்றேன்.

“ம்” என்றாள் அம்மா.